உழவு இயந்திரத்தில் உதைப்புத் தாங்கி

சுழலும் தண்டின்மீது இருவகைச் சுமைகள் ஏறும். தண்டிற்குக் குறுக்காக ஏறும் சுமையைச் சாதாரண பெயரிங்கு தாங்கும். தண்டை அதன் நீளப்பாட்டிலே தள்ளும் விசையைத் தாங்குவதற்கு உதைப்புத் தாங்கி வேண்டும். இதில் இரு வளையங்களுக்கிடையே உருக்குக் குண்டுகள் உருளும். ஒரு வளையம் சுழல, மற்றையது சுழலாது நிற்கும்.

ஆழ்கிணற்றின் நிலைக்குத்துப் பம்பிகளில், தொங்கும் தண்டின் நிறையையும் நீரின் உதைப்பையும் இதுவே தாங்குகிறது.

உழவு இயந்திரத்தில், கிளச்சு மிதியை மிதிக்கும்போது சுழலும் கிளச்சு விரல்களை அழுத்துவதும் இத்தகைய தாங்கியே. மிதியை விட்டதும் அது விலகி ஓய்தல் வேண்டும். உழும்போது மிதியின்மேற் காலை வைத்திருப்பின், அது ஓயாது சுழன்று, சூடேறித் தேயும். அதனை மாற்றுதற்குப் பெரும்பாலும் எஞ்சினையும் கியர்ப் பெட்டியையும் பிரித்தல் வேண்டும். விதைப்புக் காலத்தில் நாட்கள் வீணாகும்.

கமக்காரர் கவனிக்க வேண்டியவை:

1. மிதி தளர்வாக அசையும் அளவைக் கைநூலிற் கூறியவாறு வைத்தல்.
2. இயந்திரம் தரித்து நிற்கையில் கியரை விடுவித்து, மிதியிலிருந்து காலை எடுத்தல்.
3. மிதிக்கும்போது மட்டும் கிறீச்சிடும் ஒலி கேட்பின், தாமதியாது சோதிப்பித்தல்.
4. மூடிய பெயரிங்கை மண்ணெண்ணெயிற் கழுவாதிருத்தல். உள்ளிருக்கும் கிறீசு கரைந்துவிடும்.