நீராவி நீரானால் உலை குளிரும்

சோற்றுப் பானையின் மூடியைத் திறக்கும்போது, அதன் உட்புறத்தில் நீர்த்துளிகள் முத்து முத்தாக நிற்பதை நாம் நாள்தோறும் காண்கிறோம். நீராவி மூடியில் பட்டு, தன் வெப்பத்தைக் கொடுத்துவிட்டு மீண்டும் நீராகிறது. 100 டிகிரி செல்சியஸில் உள்ள ஒரு கிராம் நீரை ஆவியாக்கச் சுமார் 540 கலோரி வெப்பம் தேவை. இதையே உள்ளுறை வெப்பம் என்று படித்திருக்கிறோம். ஆவி நீராகும்போது அவ்வெப்பம் முழுவதையும் திருப்பித் தந்துவிடுகிறது. கொதிநீரைக் காட்டிலும் நீராவி கையைக் கடுமையாகச் சுடுவது இதனால்தான். அணு உலையைக் காப்பதும் இந்தச் சிறிய பாடமே.

அடுப்பை அணைப்பதுபோல் அணு உலையை உடனே அணைத்துவிட முடியாது. யுரேனிய அணுக்கள் பிளவுபடுவதை நிறுத்திய பின்பும், பிளவில் உண்டான கதிரியக்கப் பொருள்கள் சிதைந்து வெப்பத்தை வெளியிட்டுக்கொண்டேயிருக்கும். நிறுத்திய கணத்தில் அது உலையின் முழு வெப்பத்தில் ஏறக்குறைய நூற்றில் ஆறு பங்கு இருக்கும். அதை அகற்றாவிட்டால் நீர் வற்றி, எரிபொருள் உருகிவிடும்.

ஜப்பானில் புகுஷிமா முதலாம் உலையில் இதற்கென ஐசொலேஷன் கண்டென்சர் என்னும் கருவி இருந்தது. உலையில் எழும் நீராவி, உயரத்தில் உள்ள தொட்டி நீரில் அமிழ்ந்த குழாய்களுக்குள் செல்லும். அங்கே வெப்பத்தைத் தொட்டி நீருக்குக் கொடுத்து, தானும் நீராகி, தன் எடையாலேயே உலைக்குத் திரும்பும். பம்பு தேவையில்லை. ஆனால் வழியிலுள்ள வால்வுகளை இயக்க மின்சாரம் வேண்டும்.

2011 மார்ச் 11 அன்று நிலநடுக்கம் ஏற்பட்டதும் உலை தானே நின்றது. இக்கருவியும் தானே இயங்கியது. உலை மிக விரைவாகக் குளிர்ந்ததால் ஊழியர்கள் வால்வை மூடியும் திறந்தும் வந்தனர். வால்வு மூடியிருந்த வேளையில் சுனாமி புகுந்து மின்சாரம் போயிற்று. வால்வின் நிலையைக் காட்டும் விளக்குகளும் அணைந்தன. நிலையத்தின் பொறுப்பாளர்களோ கருவி இயங்குவதாகவே எண்ணியிருந்தனர். நீர்மட்டம் இறங்கியது, எரிபொருள் உருகிற்று. சூடேறிய சிர்க்கோனிய உறை நீராவியுடன் வினைபுரிந்ததால் ஹைட்ரஜன் உண்டாயிற்று. மறுநாள் பிற்பகல் அது வெடித்து, உலைக் கட்டடத்தின் மேற்பகுதியைத் தகர்த்தது.

நம் கூடங்குளத்து உலைகளிலும் இதே தத்துவம் பயன்படுகிறது. அங்கே மின்சாரம் முற்றும் நின்றுவிட்டால், நீராவி வெளிக்காற்றால் குளிரும் குழாய்களில் நீராகித் தானே திரும்பும்படி அமைத்திருக்கிறார்கள்.

இறைவன் வகுத்த இயற்கை விதி புகுஷிமாவிலும் தவறவில்லை. தொட்டியில் நீர் இருந்தது. உலையில் ஆவி இருந்தது. இடையே வழிதான் அடைபட்டிருந்தது. விதியை அறிவது கல்வி. அது செயற்பட வழி திறந்திருக்கிறதா என்று சென்று பார்ப்பது கடமை. இரண்டையும் நாம் கற்போமாக!