தவிட்டோடு போன உயிர்ச்சத்து

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், மலாயாவில் பெரிபெரி என்னும் நோய் பலரின் உயிரைப் பறித்தது. அந்நோய் கண்டவர்களின் கால்கள் மரத்துப்போயின. சிலருக்கு உடல் வீங்கியது. இதயம் தளர்ந்து பலர் மாண்டனர். ஈயச் சுரங்கங்களில் உழைத்த சீனத் தொழிலாளர்கள் பெருமளவில் பாதிக்கப்பட்டனர். ஆனால், தோட்டங்களில் பணிபுரிந்த தமிழர்களிடையே அந்நோய் அரிதாகவே காணப்பட்டது. இதற்குக் காரணம் என்ன?

சீனத் தொழிலாளர்கள் நன்கு தீட்டிய பச்சரிசியை உண்டனர். தமிழர்களோ பெரும்பாலும் புழுங்கல் அரிசியை உண்டனர். இந்த வேறுபாட்டை ஆராய விரும்பினார் டாக்டர் வில்லியம் பிளெட்சர். 1905ஆம் ஆண்டில், கோலாலம்பூர் மனநல மருத்துவமனையில் இருந்த நோயாளிகளை அவர் இரு பிரிவினராகப் பிரித்தார். ஒரு பிரிவினருக்குப் பச்சரிசிச் சோறும் மற்றொரு பிரிவினருக்குப் புழுங்கல் அரிசிச் சோறும் வழங்கப்பட்டன. பச்சரிசி உண்ட 120 பேரில் 18 பேர் பெரிபெரியால் இறந்தனர். புழுங்கல் அரிசி உண்ட 123 பேரில் ஒருவர்கூட அந்நோயால் இறக்கவில்லை.

பிற்கால ஆய்வுகள் இதன் காரணத்தைத் தெளிவாக்கின. அரிசியின் மேல் படிந்துள்ள தவிட்டில் வைட்டமின் பி1 என்னும் உயிர்ச்சத்து மிகுந்துள்ளது. ஆலையில் அரிசியைத் தீட்டும்போது, தவிட்டோடு அச்சத்தும் நீங்கிவிடுகிறது. நெல்லை ஊறவைத்து அவிக்கும்போதோ, அச்சத்தின் ஒரு பகுதி அரிசியின் உட்பகுதிக்குள் சென்று தங்கிவிடுகிறது. பின்னர்த் தீட்டினாலும் அது முழுவதும் போய்விடுவதில்லை. வைட்டமின் என்ற சொல்லே உருவாகாத காலத்தில், நெல்லை அவிக்கும் வழக்கம் ஒரு சமூகத்தைக் காத்து வந்திருக்கிறது.

இன்று நம் சமையலறைக்கும் இது பொருந்தும். வைட்டமின் பி, சி ஆகியவை நீரில் கரையக்கூடியவை. எனவே, காய்கறிகளை நறுக்கும் முன்பே கழுவிவிட வேண்டும். அரிசியை அளவுக்கு மீறிக் களைவதையும் கீரை வெந்த நீரைக் கொட்டுவதையும் தவிர்க்கலாம். வைட்டமின் சி சூட்டில் எளிதில் அழியும். ஆகவே, அச்சத்து நிறைந்த கொய்யாவைச் சமைக்காமல் உண்பதே நன்று. கேரட், பூசணி, முருங்கைக்கீரை ஆகியவற்றில், உடலுக்குள் வைட்டமின் ஏ ஆக மாறும் சத்து உள்ளது. சிறிதளவு எண்ணெய் சேர்த்துச் சமைத்தால், அதை உடல் நன்கு ஏற்றுக்கொள்ளும்.

மாணவர்களே, நமக்குத் தேவையான உயிர்ச்சத்துகளுள் பெரும்பாலானவை அன்றாட உணவிலேயே உள்ளன. அவற்றை வீணாக்காமல் சமைத்து உண்ணப் பழகுவோம்.