போனை மாற்ற முன் உலாவியை மாற்றிப் பாருங்கள்

ஊர் திரும்பும் குடும்பங்களிடம் இருக்கும் போன் பெரும்பாலும் பழையது. தமிழ்நாட்டு முகாமில் இருந்தபோது வாங்கியதாக இருக்கும், அல்லது வெளிநாட்டில் இருக்கும் சகோதரம் தான் பாவித்துவிட்டு அனுப்பியதாக இருக்கும். கதைக்கவும் வட்ஸ்அப் பார்க்கவும் அது தாராளமாகப் போதும். ஆனால் இப்போது பிறப்புச் சான்றிதழின் பிரதி, கடவுச்சீட்டு, அஸ்வெசும கொடுப்பனவு, பிள்ளையின் பரீட்சைப் பெறுபேறு என்று எதற்கும் ஓர் இணையத்தளத்தைத் திறக்க வேண்டியிருக்கிறது. பழைய போன் மக்கர் பண்ணுவது அங்கேதான். திரை வெள்ளையாக நிற்கும். அல்லது சிவப்பு முக்கோணம் ஒன்று தோன்றி, "உங்கள் இணைப்பு பாதுகாப்பானதல்ல" என்று ஆங்கிலத்தில் சொல்லும்.

வெள்ளவத்தையில் காலி வீதிக் கடையொன்றில் காட்டினால் "போன் பழசு, புதுசு ஒன்று வாங்குங்கோ" என்பார்கள். கொட்டாஞ்சேனையில் கேட்டாலும் அதே பதில்தான். வீட்டுக் கூரைக்கும் கிணறு இறைக்கவும் காசு தேவைப்படும் நேரத்தில் அது பெரிய செலவு. பல சமயங்களில் அந்தச் செலவு தேவையே இல்லை. வேலை செய்யாமல் இருப்பது போன் அல்ல, அதற்குள் இருக்கும் உலாவி. அதை மாற்றக் காசு தேவையில்லை.

உலாவி என்பது எது?

பிரவுசர் என்று கடைக்காரர் சொல்வதைத்தான் தமிழில் உலாவி என்கிறோம். இணையத்தளங்களைத் திறந்து காட்டும் செயலி அது. நீங்கள் "நெட்" என்று நினைத்து அழுத்தும் வட்டமான குரோம் படமும் ஓர் உலாவிதான். குரோம் வேறு, கூகிள் தேடல் வேறு, இணையம் வேறு. வீட்டுக்கு ஒரு கதவு பழுதானால் மற்றக் கதவால் போகலாம்தானே. அதுபோல ஒரே போனில் இரண்டு மூன்று உலாவிகள் இருக்கலாம். ஒன்றுக்கொன்று இடைஞ்சல் இல்லை.

நாட்டைவிட்டு 2009க்கு முன்னர் போனவர்களுக்கு வேறொரு நினைவு இருக்கக்கூடும். அன்றைய நெற் கஃபேக்களில் நீல நிற 'ஈ' எழுத்தை அழுத்தினால் இன்டர்நெட் எக்ஸ்புளோரர் திறக்கும். தமிழ்ச் செய்தித் தளங்கள் பல அப்போது பாமினி போன்ற எழுத்துருக்களில் இருந்தன. அவற்றைத் தானாக இறக்கிக் காட்டும் வசதி அந்த ஓர் உலாவியில்தான் ஒழுங்காக வேலை செய்தது. வேறொன்றில் திறந்தால் தமிழுக்குப் பதிலாக ஆங்கில எழுத்துகள் குழம்பிக் கிடக்கும். ஆகவே தமிழ் வாசிக்க வேண்டுமென்றால் உலாவியை மாற்றக்கூடாது என்ற எண்ணம் பலரிடம் ஊறிப்போனது. அன்று அது சரிதான். யூனிகோட் வந்தபின் அந்தக் கட்டுப்பாடு போய்விட்டது. இன்று எந்த உலாவியிலும் தமிழ் தமிழாகவே தெரியும். இன்டர்நெட் எக்ஸ்புளோரருக்கான ஆதரவையும் மைக்ரோசொஃப்ட் 2022 ஜூன் 15 அன்று நிறுத்திவிட்டது.

ஏன் பழைய போன் பயப்படுத்துகிறது?

முதலில் போனின் திகதியைப் பாருங்கள். பற்றரி முழுதாக இறங்கிக் கிடந்த போனில் திகதி பல வருடங்கள் பின்னுக்குப் போயிருக்கும். திகதி பிழையென்றால் எந்த உலாவியும் நல்ல தளத்தைக்கூடச் சந்தேகிக்கும். திகதியைச் சரிசெய்ததுமே சிவப்பு முக்கோணம் மறைந்துவிட்டால் வேறெதுவும் செய்யத் தேவையில்லை.

திகதி சரியாக இருந்தும் அதே எச்சரிக்கை வந்தால், காரணம் கையொப்பம். கிராம அலுவலர் தரும் கடிதத்தைப் பிரதேச செயலகத்தில் கொடுத்தால், அவருடைய கையொப்பமும் முத்திரையும் தங்களிடம் உள்ளதோடு ஒத்துப்போகிறதா என்று பார்ப்பார்கள். உலாவியும் அதையே செய்கிறது. ஒவ்வொரு தளமும் ஒரு சான்றிதழைக் காட்டும். அதில் கையொப்பமிட்ட நிறுவனம் தன்னிடமுள்ள பட்டியலில் இருக்கிறதா என்று உலாவி பார்க்கும். இல்லையென்றால் எச்சரிக்கும்.

லெட்ஸ் என்கிரிப்ட் என்ற அமைப்பு உலகம் முழுவதும் கோடிக்கணக்கான தளங்களுக்கு இந்தச் சான்றிதழை இலவசமாகக் கொடுக்கிறது. அது தொடக்கத்தில் இன்னொரு நிறுவனத்தின் பழைய கையொப்பத்தில் தங்கியிருந்தது. அந்தப் பழைய கையொப்பம் 2021 செப்டெம்பர் 30 அன்று காலாவதியானது. 7.1.1க்கு முந்திய அன்ட்ரொய்ட் போன்களின் பட்டியலில் லெட்ஸ் என்கிரிப்ட்டின் புதிய கையொப்பம் இல்லை. தற்காலிக ஏற்பாடு ஒன்றினால் 2024 வரை சமாளித்தார்கள். அதுவும் முடிந்தபின், நேற்றுவரை திறந்த தளங்கள் அந்தப் போன்களில் திறக்க மறுத்தன. போன் உடையவில்லை, தளமும் கள்ளத் தளம் அல்ல. பட்டியல்தான் பழசு.

இப்படி வருமென்று தெரிந்தபோதே, பழைய அன்ட்ரொய்ட் வைத்திருப்போர் பயர்பொக்ஸ் உலாவிக்கு மாறுமாறு லெட்ஸ் என்கிரிப்ட் ஆலோசனை சொன்னது. பயர்பொக்ஸ் போனின் பட்டியலை நம்பியிருப்பதில்லை, தன் பட்டியலைத் தானே கொண்டுவருகிறது என்பதே காரணம். நாங்களும் இதனாலேயே முதலில் பயர்பொக்ஸைச் சொல்கிறோம். மொசில்லா என்ற இலாப நோக்கற்ற அமைப்பின் வெளியீடு அது. 2004 நவம்பரில் முதற்பதிப்பு வந்தது.

இன்னொரு காரணமும் உண்டு. சாம்சங் இன்டர்நெட், எட்ஜ், ஒபேரா, பிரேவ் என்று பெயர்கள் பல இருந்தாலும், இவை எல்லாம் குரோமின் அதே இயந்திரத்தில் ஓடுபவை. ஒரே மாவில் ஊற்றிய தோசைகள். பயர்பொக்ஸின் மாவு வேறு. ஆகவே குரோமில் ஒரு படிவம் அடம்பிடித்தால், வேறு வழியில் முயன்று பார்க்க அதுதான் உண்மையான இரண்டாவது கதவு.

உங்கள் போன் எந்த இலக்கம்?

போனில் செட்டிங்ஸ் போய், கடைசியில் இருக்கும் 'அபௌட் போன்' என்பதைத் திறந்தால் அன்ட்ரொய்ட் பதிப்பின் இலக்கம் இருக்கும். அதைக் குறித்து வையுங்கள். 2025 ஓகஸ்ட்டில் வந்த 139ஆம் பதிப்பிலிருந்து குரோமுக்கு அன்ட்ரொய்ட் 10 அல்லது அதற்கு மேல் வேண்டும். பயர்பொக்ஸின் புதிய பதிப்புகளுக்கு 8 போதும். எனவே 8 அல்லது 9 என்று இருந்தால் உங்கள் குரோம் இனிப் புதுப்பிக்கப்படாது, பயர்பொக்ஸ் புதுப்பிக்கப்படும். மாறுவதில் அதிக பலன் உங்களுக்குத்தான். 10க்கு மேல் என்றால் குரோமே போதும், பிளே ஸ்டோரில் அதைப் புதுப்பித்தால் சரி.

5, 6, 7 என்று இருந்தால் அந்தப் போனுக்குப் பொருந்தும் கடைசிப் பயர்பொக்ஸ் பதிப்பைத்தான் பிளே ஸ்டோர் தரும். அதில் தளங்கள் திறக்கும், பெறுபேறு பார்க்கலாம், படிவம் இறக்கலாம். ஆனால் புதிய பாதுகாப்புத் திருத்தங்கள் வராது. வங்கிக் கணக்கை அதில் திறக்க வேண்டாம்.

மாறுவது எப்படி?

பிளே ஸ்டோரில் பயர்பொக்ஸ் என்று தேடுங்கள். பெயருக்குக் கீழே மொசில்லா என்று இருக்க வேண்டும். வேறு பெயர் இருந்தால் விடுங்கள். யாராவது வட்ஸ்அப்பில் அனுப்பும் செயலிக் கோப்பை ஒருபோதும் நிறுவாதீர்கள். வீட்டு வைபை அல்லது எங்கள் நிலையத்தின் வைபையில் இறக்கினால் டேட்டாக் காசு மிச்சம். திறந்ததும் கணக்கு உருவாக்கச் சொல்லிக் கேட்கும். தேவையில்லை, தள்ளிவிட்டு உள்ளே போகலாம். அதன் செட்டிங்ஸில் மொழியைத் தமிழுக்கு மாற்றலாம். வயதானவர்களுக்கு இது பெரிய உதவி.

குரோமை அழிக்க வேண்டாம், அது ஒரு பக்கத்தில் கிடக்கட்டும். அரசாங்கப் படிவங்களில் சில குரோமை மனதில் வைத்தே செய்யப்பட்டவை. பயர்பொக்ஸில் பொத்தான் அழுந்தாவிட்டால் குரோமில் பாருங்கள், அங்கே முடியாவிட்டால் இங்கே வாருங்கள். தினசரிப் பாவனைக்குப் பயர்பொக்ஸ் பிடித்துவிட்டால், போனின் 'டிஃபோல்ட் அப்ஸ்' பகுதியில் அதை முதன்மை உலாவியாக வைக்கலாம். அப்போது எஸ்எம்எஸ்ஸில் வரும் இணைப்புகள் நேரே அதில் திறக்கும். பேஸ்புக்கில் அழுத்தும் இணைப்பு மட்டும் பேஸ்புக்கின் உள்ளேயே திறக்கும். மேலே உள்ள மூன்று புள்ளிகளை அழுத்தி, உலாவியில் திற என்பதைத் தெரிவுசெய்ய வேண்டும்.

மாறும்போது ஒன்றைக் கவனியுங்கள். குரோமில் சேமித்த கடவுச்சொற்கள் புதிய உலாவிக்குத் தானாக வராது. பல குடும்பங்களில் கடவுச்சொல் யாருக்கும் தெரியாது. முகாமில் யாரோ ஒரு பொடியன் போட்டுத் தந்தது, போனுக்குத்தான் தெரியும். அந்தப் போன் ஒருநாள் கீழே விழுந்தால், விண்ணப்ப இலக்கத்தோடு எல்லாம் போய்விடும். ஆகவே குரோமின் செட்டிங்ஸில் கடவுச்சொல் பகுதியைத் திறந்து, அங்கே இருப்பவற்றை ஒரு கொப்பியில் எழுதி, அடையாள அட்டைகள் வைக்கும் பையிலேயே வையுங்கள். கடவுச்சொல்லைத் தாளில் எழுதக்கூடாது என்று சொல்பவர்கள் உண்டு. பத்து வருடத்தில் நாலு இடம் மாறிய குடும்பத்துக்கு அந்த ஆலோசனை பொருந்தாது என்பது என் அபிப்பிராயம்.

வேண்டாம் என்று சொல்லக்கூடியவை

தமிழ்நாட்டிலிருந்து வருபவர்களின் போன்களில் யூசி பிரவுசர் இன்னும் இருப்பதைக் காண்கிறோம். பாவிப்பவரின் தகவல்களை அது பாதுகாப்பின்றி வெளியே அனுப்புகிறது என்று கனடாவின் சிட்டிசன் லாப் ஆய்வாளர்கள் 2015இல் காட்டினார்கள். இந்திய அரசு 2020 ஜூன் 29 அன்று தடைசெய்த 59 செயலிகளில் அதுவும் ஒன்று. நீக்கிவிடுங்கள்.

ஒபேரா மினி வேறு கதை. பக்கத்தைத் தன் சேர்வரில் சுருக்கி அனுப்புவதால் டேட்டா மிகக் குறைவாகவே போகும். செய்தி வாசிக்க நல்லது. ஆனால் மிகக்கூடிய சேமிப்பு முறையில் அந்தச் சேர்வர் உங்களுக்கும் தளத்துக்கும் நடுவில் நிற்கிறது. அடையாள அட்டை இலக்கம், வங்கி விபரம், கடவுச்சொல் எதையும் அதில் தட்டாதீர்கள்.

இலங்கையில் சமூக ஊடகங்கள் 2018 மார்ச்சிலும், கொச்சிக்கடைத் தேவாலயம் உட்படப் பல இடங்களில் குண்டு வெடித்த 2019 ஏப்ரலிலும், 2022 ஏப்ரல் 3இலும் முடக்கப்பட்டன. அந்த நாட்களில் ஆளுக்காள் வீபிஎன் செயலிகளை இறக்கினார்கள். பெயர் தெரியாத இலவச வீபிஎன் இன்னும் ஓடிக்கொண்டிருந்தால், உங்கள் இணையப் போக்குவரத்து முழுவதும் யாரோ ஒருவரின் கையால் போகிறது. அதையும் நீக்குங்கள்.

கொமினிகேசனில் உட்காரும்போது

கொழும்பில் கடவுச்சீட்டுக்கோ சான்றிதழுக்கோ காத்திருக்கும் குடும்பங்கள் லொட்ஜில் அல்லது உறவினர் வீட்டில் தங்கி, பக்கத்துக் கொமினிகேசன் கடையில்தான் படிவம் நிரப்புகிறார்கள். அந்தக் கடைகளில் சில கணினிகள் இன்னும் விண்டோஸ் 7. அதற்குக் குரோம் 2023 ஆரம்பத்தில், 109ஆம் பதிப்போடு நின்றுவிட்டது. பயர்பொக்ஸின் 115ஆம் பதிப்பை அதற்குப் பின்னரும் மொசில்லா அந்தப் பழைய கணினிகளுக்காகத் திருத்தி வந்தது. கடையில் இரண்டும் இருந்தால் பயர்பொக்ஸைக் கேளுங்கள்.

எந்த உலாவியானாலும் தனிப்பட்ட சாளரத்தைத் திறந்தே வேலையைத் தொடங்குங்கள். பயர்பொக்ஸில் கொன்ட்ரோல், ஷிஃப்ட், பீ மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். குரோமிலும் எட்ஜிலும் பீக்குப் பதில் என். சாளரத்தை மூடியதும் கணக்கும் கடவுச்சொல்லும் அங்கே தங்காது. "இந்தக் கடவுச்சொல்லைச் சேமிக்கவா" என்று கேட்டால் வேண்டாம் என்றே அழுத்துங்கள். கடைக்காரத் தம்பி உதவிக்கு வந்து தானே தட்டத் தொடங்கினால், "தம்பி, கடவுச்சொல்லை நான் அடிக்கிறன்" என்று சொல்ல வெட்கப்பட வேண்டாம். கடவுச்சீட்டு விண்ணப்பத்தில் உங்கள் குடும்பத்தின் பெயர், பிறந்த இடம், முகவரி எல்லாம் இருக்கிறது. அது உங்கள் வீட்டுக் காரியம்.

தனிப்பட்ட சாளரமும் ஒன்றை மறைக்காது. நீங்கள் இறக்கிய பீடிஎஃப், ஸ்கான் செய்த அடையாள அட்டை எல்லாம் கணினியின் 'டவுன்லோட்ஸ்' கோப்புறையில் அப்படியே கிடக்கும். அடுத்து உட்காருபவர் திறந்து பார்க்கலாம். பிரின்ட் எடுத்து முடிந்ததும் அவற்றை அழித்து, குப்பைத் தொட்டிப் படத்தையும் காலியாக்கிவிட்டு எழும்புங்கள். வட்ஸ்அப் வெப் திறந்திருந்தால், உங்கள் போனில் 'லிங்க்ட் டிவைசஸ்' என்பதைப் பார்த்து அந்தக் கணினியை வெளியேற்றுங்கள்.

இரண்டு உலாவியிலும் ஒரு தளம் திறக்கவில்லை என்றால் குறை உங்களிடம் இல்லை. பெறுபேறு வெளியாகும் இரவில் பரீட்சைத் திணைக்களத்தின் தளம் இறுகுவது எல்லோருக்கும் தெரிந்ததே. விடியப்புறம் முயன்று பாருங்கள். சிவப்பு முக்கோணம் மட்டும் மாறாமல் நின்றால், "அட்வான்ஸ்ட்" என்பதை அழுத்தி உள்ளே போகாதீர்கள். பிறப்புச் சான்றிதழ்ப் பிரதிக்குப் பிரதேச செயலகத்தில் நேரிலும் விண்ணப்பிக்கலாம். போகும்போது பழைய பிரதி இருந்தால் அதையும், பிறப்பு இந்தியாவில் என்றால் அங்கே கிடைத்த சான்றிதழையும் கொண்டுபோங்கள்.