வேலியில் நிற்கும் ஒன்றுவிட்ட சொந்தம்

கேள்வி: கனடாவில் மகள் வீட்டு வாசலில் ‘பிளாக் லோக்கஸ்ட்’ என்று ஒரு மரம். படம் அனுப்பியிருந்தாள். இலையும் பூவும் எங்கள் வேலிச் சீமைக்கிளுவையை அப்படியே உரித்து வைத்திருக்கின்றன, பூ மட்டும் வெள்ளை. இரண்டும் ஒன்றா? சீமைக்கிளுவை எங்கிருந்து வந்தது?
– வாசகர், கீரிமலை

பதில்: ஒன்றல்ல. ஆனால் உங்கள் கண் சரியாகத்தான் பார்த்திருக்கிறது. இரண்டும் அவரைக் குடும்பத்தில் ஒரே கிளையைச் சேர்ந்தவை. 1760இல் சீமைக்கிளுவைக்கு அறிவியல் பெயர் வைத்த ஜாக்கின், அதை லோக்கஸ்டின் இனமான ‘ரொபீனியா’விலேயே சேர்த்தார். ‘கிளிரிசீடியா’ என்று அதைத் தனியாகப் பிரித்தது பின்னால் வந்தவர்கள்.

சீமைக்கிளுவையின் தாய்நாடு மெக்சிக்கோவும் மத்திய அமெரிக்காவும். அங்கே கொக்கோவுக்கு நிழல் கொடுத்த மரம். இலங்கைக்கும் நிழல் மரமாகவே வந்தது, தேயிலைத் தோட்டங்களுக்காக. யாழ்ப்பாணத்தில் தேயிலை ஏது? நாம் அதை வேலிக் கதியாலாக்கிவிட்டோம். நம் பழைய முட்கிளுவைக்கு இது சொந்தமே இல்லை. அது வெள்ளைப்போளத்தின் இனம்.

லோக்கஸ்டும் வேலிக்குப் போன மரம்தான். அதன் வைரம் எளிதில் உக்காது. வெட்டி நட்ட கட்டை பல பத்தாண்டுகள் மண்ணில் நிற்கும் என்பதால் அமெரிக்க விவசாயிகள் அதைத் தேடி நட்டார்கள். அங்கே செத்த கட்டை நிற்கிறது. இங்கே கதியால் வேர்விட்டுத் தளிர்க்கிறது. எல்லை வழக்குப் பேசியவர்களைக் கேட்டால், கதியாலுக்கு உயிர் மட்டுமல்ல, காலும் உண்டு என்பார்கள்!

நமக்குச் சீமைக்கிளுவையில் பெரிய வரவு குழைதான். இரண்டு மரத்தின் வேர் முடிச்சுகளிலும் வாழும் பாக்டீரியா காற்றின் நைதரசனைப் பிடித்துக் கொடுக்கிறது. சீமைக்கிளுவைக் குழையைத் தோட்டத்தில் தாட்டால் சீக்கிரம் உக்கி உரமாகும். வலிகாமத்துச் சுண்ணாம்புக்கல் நிலத்தில் இட்ட யூரியா கிணற்றுத் தண்ணீர்வரை இறங்கி, நைத்திரேற்றாகத் தொல்லை தருகிறது. பழைய ஆட்கள் குழை வெட்டியதை நான் இன்னும் மதிப்பது அதனால்தான். 2005இல் அரசும் தேயிலை, றப்பர், தென்னைக்கு அடுத்த நான்காவது பெருந்தோட்டப் பயிராகச் சீமைக்கிளுவையை அறிவித்தது. விறகுக்கும் மின்சாரத்துக்கும் என்றுதான் பேச்சு, குழை பின்வரிசையில்.

பச்சைக் குழையை ஆடு முகர்ந்துவிட்டுப் போகிறதா? வாடவைத்துப் போடுங்கள், பெரும்பாலும் தின்னும். குதிரைக்கு ஆகாது. மத்திய அமெரிக்காவில் இதன் இலையையும் பட்டையையும் தானியத்தோடு அரைத்து எலிக்கு நஞ்சாக வைப்பார்கள்.

மகள் வீட்டு மரத்திலும் பட்டை, இலை, விதை எல்லாம் நஞ்சு. பேரப்பிள்ளைகள் காயைக் கடிக்காமல் பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள். பூவுக்கு அந்தப் பயம் இல்லை. பிரான்சில் அதை மாவில் தோய்த்துப் பொரித்துத் தின்கிறார்கள்.