நீரிழிவும் வெற்றிடக் கருவியும்

நீரிழிவு கண்ணைக் கெடுக்கும், காலைக் கெடுக்கும், சிறுநீரகத்தைக் கெடுக்கும் என்பதை எல்லோரும் சொல்லுவர். ஆண்களுக்கு அது விளைவிக்கும் விறைப்புக் குறைபாட்டை மட்டும் வாய்விட்டுச் சொல்வார் இலர். திருவனந்தபுரத்தில் வாழும் நாம் அவ்வாறு இருத்தல் தகாது. 2023-இல் வெளிவந்த இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழக ஆய்வின்படி, கேரளத்தில் வயது வந்தோருள் ஏறத்தாழ நால்வரில் ஒருவருக்கு நீரிழிவு உண்டு. ஆகவே கூச்சத்தை விட்டு இதை எழுதத் துணிந்தேன்.

விறைப்பு என்பது இரத்த ஓட்டத்தின் வேலை. நரம்பு ஏவத் தமனிகள் விரிகின்றன. கடற்பஞ்சு போன்ற திசுவில் இரத்தம் நிறைகிறது. அதை வெளியேற்றும் சிரைகள் அழுந்தி அடைபடுகின்றன. பல்லாண்டு மிகுந்து நிற்கும் சர்க்கரை நரம்பையும் குழாயையும் ஒருங்கே அரிக்கிறது. இளமையில் செய்த பிழையின் பயன் இது என்று விடுதி அறையில் அமர்ந்து சொல்லும் வைத்தியர் கூற்று வெறும் புரட்டு. இவ்விரு நோய்களையும் மருந்தால் தீர்ப்பதாக விளம்பரம் செய்வதை 1954-ஆம் ஆண்டுச் சட்டமொன்று தடுக்கிறது. சுவரொட்டி ஒட்டுவோர் அதைப் படித்ததாகத் தெரியவில்லை!

இதற்கான மாத்திரை 1998 முதல் உண்டு. நெஞ்சுவலிக்கு நைட்ரேட் உண்போர் அதைத் தொடலாகாது. இரத்த அழுத்தம் அபாயமாகத் தாழும். நீரிழிவாளர் பலருக்கு அது போதிய பயன் தருவதுமில்லை. அத்தகையோர்க்கு உதவுவதே வெற்றிடக் கருவி.

ஒரு பிளாஸ்டிக் உருளை, ஒரு பம்பு, ஒரு ரப்பர் வளையம், அவ்வளவே. உறுப்பின்மேல் உருளையைப் பொருத்திக் காற்றை வெளியேற்றினால் உள்ளே அழுத்தம் குறைந்து இரத்தம் பாய்கிறது. மைப்பேனாவின் ரப்பர் குழலை அழுத்தி விட்டதும் மை ஏறுவது இவ்விதியால்தான். பின் அடியில் வளையத்தை நழுவவிட்டு உருளையை எடுத்துவிட வேண்டும். 1960-களில் இதைச் செம்மையாக்கிய அமெரிக்கர் கெடிங்ஸ் ஆஸ்பன் மருத்துவர் அல்லர், டயர் வணிகர். தம் குறைக்கென்றே செய்துகொண்டார். 1982-இல் அந்நாட்டு அரசின் ஒப்புதல் கிடைத்தது.

வளையம் 30 நிமிடத்துக்கு மேல் இருக்கலாகாது. நீரிழிவால் மரத்த தோல் வலியைச் சொல்லாது. கடிகாரத்தைத்தான் நம்ப வேண்டும். அழுத்தத்தை எல்லைக்குள் நிறுத்தும் அமைப்பு இல்லாத மலிவுக் கருவி வேண்டா. இரத்தம் உறையாதிருக்க மருந்து உண்போர் மருத்துவரைக் கேட்டே தொட வேண்டும். உறுப்பு சற்றுக் குளிர்ந்து நீலம் பாய்ந்திருக்கும், அஞ்ச வேண்டியதில்லை. முதல் சில முறை கைகூடாமலும் போகும். மனைவியிடம் முன்பே சொல்லிவிடுவது நன்று. மறைத்துப் பயன்படுத்தும் பொருளன்று இது.

கருவியை வாங்குமுன் இதயத்தைச் சோதித்துக்கொள்ள வேண்டும் என்பேன். இவ்வுறுப்பின் தமனிகள் இதயத் தமனிகளினும் நுண்ணியவை. அடைப்பு இங்கே சில ஆண்டுகள் முந்தித் தெரிவதுண்டு.