அப்பாவின் வாடகை வீடு யாருக்கு?

கேள்வி: கேரள எல்லையோரம் இருக்கும் பொழியூரில் 28 வருடமாக ஒரே வாடகை வீட்டில் இருக்கிறோம். வாடகைச் சீட்டு அப்பா பெயரில். நான்கு மாதம் முன்பு அப்பா இறந்துவிட்டார். அம்மா, நான், தம்பி மூவரும் அங்கேயே இருக்கிறோம். அக்காவை எல்லைக்கு அந்தப் பக்கம் நீரோடியில் கட்டிக்கொடுத்திருக்கிறோம். "நான் வீடு கொடுத்தது உங்க அப்பாவுக்கு. அவர் போனதோட அந்தப் பேச்சும் போச்சு. புதுப் பத்திரத்தில் கையெழுத்துப் போடுங்க, இல்லன்னா காலி பண்ணுங்க" என்கிறார் வீட்டுக்காரர். இரண்டு மாதமாக வாடகையும் வாங்கவில்லை. கூடவே வசித்த பிள்ளைகளுக்குத்தான் உரிமை, அக்காவுக்குக் கிடையாது என்கிறார் தமிழ்நாட்டில் இருக்கும் மாமா. எங்கள் நிலை என்ன ஐயா?

பதில்: வீட்டுக்காரர் சொல்வது சட்டமல்ல. அப்பா உங்களுக்கு விட்டுச் சென்றது வீடு அல்ல, அந்த வீட்டில் வாடகைக்கு இருக்கும் உரிமை. அந்த உரிமையும் வாரிசுகளுக்கு இறங்கும். கேரளக் கட்டட வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம், 1965, பிரிவு 2(6) 'வாடகைதாரர்' யார் என்று சொல்லும்போதே, இறந்த வாடகைதாரரின் வாரிசையும் வாரிசுகளையும் அதற்குள் சேர்த்துவிடுகிறது. இது கேரளத்தின் தனிச் சலுகையும் அல்ல. ஞான் தேவி ஆனந்த் வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு 1985-இல் இதை அலசியது. அது டெல்லியில் வணிகத்துக்கு விட்ட ஓர் இடத்தைப் பற்றிய வழக்கு. வாடகை ஒப்பந்தம் முடிந்த பிறகும் வாடகைதாரரின் உரிமை தொடர்கிறது, தடுக்கும் சட்டம் ஏதும் இல்லாதவரை அது வாரிசுகளுக்குப் போகும் என்று அந்த அமர்வு தீர்ப்பளித்தது.

உங்கள் மாமா சொன்னது கற்பனை அல்ல. ஆனால் அது எல்லைக்கு அந்தப் பக்கத்துச் சட்டம், அங்கேயும் பழையது. 1956 நவம்பர் 1-இல் கன்னியாகுமரி தமிழ்நாட்டுப் பக்கம் பிரிந்து போய், உங்கள் தாலுகாவான நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. அதோடு வாடகைச் சட்டமும் இரண்டாயிற்று. தமிழ்நாட்டின் 1960-ஆம் ஆண்டுச் சட்டம், குடியிருப்பு வீடென்றால், சாகும்வரை கூடவே குடும்பமாக வசித்த வாரிசுக்கு மட்டும் உரிமை தந்தது. 2019 பிப்ரவரி 22-இல் புதிய சட்டம் வந்து அந்தப் பழைய சட்டத்தையும் நீக்கிவிட்டது. கேரளச் சட்டத்தில் 'கூட வசித்திருக்க வேண்டும்' என்ற நிபந்தனையே இல்லை. ஆகவே நீரோடியில் வாழும் அக்காவும் வாரிசுதான். நீங்கள் கிறிஸ்தவர்கள் என்றால், உயில் இல்லாத நிலையில் 1925-ஆம் ஆண்டு இந்திய வாரிசுரிமைச் சட்டப்படி அம்மாவுக்கு மூன்றில் ஒரு பங்கு. மீதி மூன்று பிள்ளைகளுக்கும் சமம். இந்துக்கள் என்றால் நால்வருக்கும் சம பங்கு. பெண்ணுக்குச் சீதனத்தோடு கணக்கு முடிந்தது என்று இன்னும் சிலர் பேசுவதைக் கேட்டால் மனம் நோகிறது. மகளின் பங்கைக் குறைத்த திருவிதாங்கூர் கிறிஸ்தவ வாரிசுச் சட்டம் இனிச் செல்லாது என்று மேரி ராய் வழக்கில் 1986-இலேயே தீர்ப்பாகிவிட்டது. அந்தப் பழைய சட்டம்கூட, ஆணும் பெண்ணும் சமமாகப் பங்கிடும் வழக்கம் இருந்த நெய்யாற்றின்கரை முதலான தாலுகாக்களின் சில லத்தீன் கத்தோலிக்கப் பிரிவினருக்கு விலக்கு அளித்திருந்தது. உங்கள் கரைக்குச் சமபங்கு புதிதல்ல.

அப்படியானால் வாடகை உரிமையை நாலாகப் பிரித்துக்கொள்ளலாமா? முடியாது. எச்.சி. பாண்டே வழக்கில் 1989-இல் உச்ச நீதிமன்றம் சொன்னபடி, வாரிசுகள் எல்லோரும் சேர்ந்து ஒரே வாடகைதாரர், உரிமை பிரிவதில்லை. இதில் உங்களுக்குப் பலமும் உண்டு, ஆபத்தும் உண்டு. வீட்டுக்காரர் உங்களில் ஒருவரைத் தனியே பிடித்து 'உனக்கு மட்டும் தருகிறேன்' என்று மற்றவர்களின் உரிமையை அழிக்க முடியாது. அதே சமயம் ஒருவருக்கு நோட்டீஸ் வந்தாலே எல்லோருக்கும் வந்ததாகக் கணக்கு. தம்பி வாங்கி அலமாரியில் வைத்துவிடும் தபால் நாளைக்கு அம்மாவையும் கட்டுப்படுத்தும்.

புதுப் பத்திரத்தில் கையெழுத்துப் போடாதீர்கள் என்று அழுத்தமாகவே சொல்கிறேன். இப்படிப்பட்ட தாள்களில் பெரும்பாலும் பதினொரு மாதக் கெடு இருக்கும். 'வாடகைதாரர்' என்று வர வேண்டிய இடத்தில் 'லைசென்ஸி' (வெறும் அனுமதியில் இருப்பவர்) என்றிருக்கும். கையெழுத்திட்டால், பழைய வாடகை உரிமையை நீங்களே ஒப்படைத்துவிட்டீர்கள் என்று சொத்து மாற்றச் சட்டம் பிரிவு 111-ஐக் காட்டி அவர் வாதாடலாம். வாடகையைக் கூட்டிக் கேட்டால் பேசிக்கொள்ளலாம். அப்பாவின் வாடகை உரிமை தொடர்கிறது என்று எழுத்தில் இருந்தால் போதும். அவர் வாங்க மறுத்த இரண்டு மாத வாடகையை இன்றே மணியார்டரில் அனுப்புங்கள். 'பெற மறுத்தார்' என்று தபால்காரர் எழுதித் திருப்பினால், அந்தத் துண்டுச்சீட்டைப் பத்திரப்படுத்துங்கள். உரிமை இறங்கும்போது கடனும் சேர்ந்தே இறங்கும். அப்பா வைத்துப் போன பாக்கியும் இருந்தால் கட்டுங்கள். ஒப்புக்கொண்ட பாக்கியைக் கட்டாதவர், வெளியேற்றும் வழக்கில் எதிர்வாதமே செய்ய முடியாது என்கிறது கேரள வாடகைச் சட்டத்தின் பிரிவு 12. அப்பா கொடுத்த அட்வான்ஸும் அதேபோல் உங்கள் குடும்பத்துக்குச் சேர வேண்டியது.

'அப்போ என் வீடு எனக்குக் கிடைக்கவே கிடைக்காதா?' என்று வீட்டுக்காரர் கேட்பார். நியாயமான கேள்வி, சட்டத்தில் அதற்கும் பதில் இருக்கிறது. தனக்கோ தன்னை நம்பியிருக்கும் குடும்பத்தாருக்கோ உண்மையாகவே வீடு தேவைப்பட்டால் அதே சட்டத்தின் பிரிவு 11(3)-இன் கீழ் நீதிமன்றம் போகலாம். தேவை மெய்யென்று தெளிந்தால், 28 வருடம் இருந்திருந்தாலும் நீங்கள் பொதுவாகக் காலி செய்யத்தான் வேண்டும். போதுமான சொந்த வீடு அதே ஊரில் உங்களுக்கு வந்துவிட்டாலும் காலி செய்யச் சொல்லலாம். பொழியூர்க் கடற்கரையில் கடலரிப்பால் கேரள அரசின் 'புனர்கேகம்' மறுகுடியேற்றத் திட்டத்தில் பத்து லட்சம் வாங்கி வீடு கட்டுகிறவர்கள் இதை மறக்கக் கூடாது. தக்க காரணமின்றி ஆறு மாதம் வீட்டைப் பூட்டிப் போட்டாலும் உரிமை ஆட்டம் காணும். 28 வருடம் இருந்ததால் வீடே நமக்கு என்று யாராவது ஆசை காட்டினால் நம்பாதீர்கள். வாடகைதாரராக நுழைந்தவர், வாடகைதாரராக இருக்கும்வரை, வீட்டுக்காரரின் உடைமையை மறுக்க முடியாது. பெரியவர்கள் சொல்லும் குடிகிடப்பு வேறு. நிலமற்றவர்களுக்காக 1963-ஆம் ஆண்டு நிலச் சீர்திருத்தச் சட்டம் தந்த உரிமை அது, உங்கள் வாடகை வீட்டுக்குப் பொருந்தாது.

ஒன்றை முதலில் உறுதி செய்துகொள்ளுங்கள். 1965-ஆம் ஆண்டுச் சட்டம் அரசு அறிவித்த இடங்களில் மட்டுமே செல்லும். குளத்தூர் பஞ்சாயத்தில் உங்கள் வீடு நிற்கும் பகுதி அதில் வருகிறதா என்று நெய்யாற்றின்கரை முன்சீப் கோர்ட்டில் விசாரியுங்கள். வராவிட்டால் சொத்து மாற்றச் சட்டம்தான். அப்போதும் உரிமை வாரிசுகளுக்கு இறங்கும், ஆனால் பாதுகாப்பு மெலிது: மாத வாடகையை வீட்டுக்காரர் காரணம் சொல்லாமலே 15 நாள் நோட்டீஸில் முடிக்கலாம். அதற்குப் பிறகும் வழக்குப் போட்டுத் தீர்ப்பு வாங்கித்தான் உங்களை இறக்க வேண்டும். பூட்டை உடைத்து வெளியே தள்ளினால், ஆறு மாதத்துக்குள் குறிப்பிட்ட நிவாரணச் சட்டம் பிரிவு 6-இன் கீழ் வழக்குப் போட்டுத் திரும்ப நுழையலாம். வாரிசுச் சான்றிதழுக்கு இப்போதே விண்ணப்பியுங்கள். அக்காவின் பெயரை விட்டுவிடாதீர்கள். வக்கீலுக்குக் கொடுக்கப் பணமில்லை என்றால், நெய்யாற்றின்கரை தாலுகா சட்டப் பணிகள் குழுவிடம் அம்மா பெயரில் மனு கொடுங்கள். பெண்களுக்கு வருமானம் பார்க்காமலே இலவச வக்கீல் தர வேண்டும் என்பது 1987-ஆம் ஆண்டுச் சட்டம்.