கிரகித்தல் பயிற்சி: ஒரு விமானம், இரு ஆசனங்கள்

மாணவர்களே, நுவரெலியாவிலிருந்து ராகலை வரும் பஸ்ஸை நினைத்துப் பாருங்கள். சாரதியின் கண் வீதியில் இருக்கும். நடத்துனர் டிக்கட் கொடுப்பார். ஒடுக்கமான வளைவில் பஸ்ஸைப் பின்னால் எடுக்கும்போது அவர் இறங்கி நின்று குரல் கொடுப்பார். அப்போதும் ஸ்டியரிங் சாரதியின் கையில்தான். இதை மனதில் வைத்துக்கொண்டு பந்தியை இருமுறை வாசியுங்கள்.

பந்தி

2020 ஜனவரி 20 ஆம் திகதி, இந்திய விமானப்படையின் 222 ஆம் படையணி சுகோய்-30 எம்.கே.ஐ. போர் விமானங்களுடன் தஞ்சாவூர்த் தளத்தில் சேவையில் இணைந்தது. இவ்விமானத்தில் ஒன்றன்பின் ஒன்றாக இரு ஆசனங்கள் உள்ளன. முன்னால் இருப்பவர் விமானி. விமானத்தைச் செலுத்துவதும் உயரம், வேகம் என்பவற்றைக் கவனிப்பதும் அவரது பொறுப்பு. பின்னால் இருப்பவர் ஆயுத முறைமை இயக்குநர். ராடாரைக் கவனிப்பதும் இலக்கைக் கண்டறிந்து ஆயுதங்களைக் கையாள்வதும் அவரது முக்கிய வேலைகள்.

இப்பகிர்வு ஏன்? மணிக்கு 900 கிலோமீற்றர் வேகத்தில் செல்லும் விமானம் ஒரு விநாடியில் 250 மீற்றர் கடக்கும். தனியே இருக்கும் விமானி திரையை 4 விநாடி பார்த்தால், வெளியே பாராமலே 1 கிலோமீற்றர் பறந்துவிடுவார்.

அமெரிக்கக் கடற்படை 2006 வரை பயன்படுத்திய எஃப்-14 விமானத்தின் பின் ஆசனத்தில் செலுத்தும் கருவிகள் இல்லை. சுகோயிலோ இரு ஆசனங்களிலும் உள்ளன. எனவே இப்போது செலுத்துவது யார் என்பதில் ஐயம் இருக்கக் கூடாது. இதற்காகவே கட்டுப்பாட்டை மாற்றும்போது விமானிகள் வாய்விட்டுச் சொல்கின்றனர். கொடுப்பவர், "கட்டுப்பாடு உங்களிடம்" என்பார். பெறுபவர், "கட்டுப்பாடு என்னிடம்" என்பார். கொடுத்தவர் மீண்டும் உறுதி செய்வார்.

பொறுப்புத் தவறினால் என்ன நடக்கும் என்பதைப் பயணிகள் விமானம் ஒன்று காட்டியது. 1972 டிசெம்பர் 29 இரவு, ஈஸ்டர்ன் எயார்லைன்ஸ் 401 ஆம் இலக்க விமானத்தில் முன்சக்கரம் இறங்கியதைக் காட்டும் சிறு விளக்கு எரியவில்லை. விமானி அறையில் இருந்தோர் அதிலேயே கவனமாயினர். உயரம் குறைவதை எவரும் காணவில்லை. மயாமி அருகே சதுப்பு நிலத்தில் விமானம் வீழ்ந்து 101 பேர் இறந்தனர்.

வினாக்கள்

1. பின் ஆசனத்தில் இருப்பவரின் இரு வேலைகளைக் குறிப்பிடுக.
2. எஃப்-14, சுகோய் ஆகியவற்றின் பின் ஆசனங்களுக்கு இடையிலான வேறுபாடு யாது?
3. "வேலையைப் பகிர்வது மட்டும் போதாது." பந்தியைக் கொண்டு விளக்குக.

விடை எழுதும்போது

மூன்றாம் வினாவில் பலரும் தவறுவர். "ஒற்றுமை வேண்டும்" என்று பொதுவாக எழுதாதீர்கள். 401 ஆம் இலக்க விமானத்தில் ஆட்கள் போதாமல் இல்லை, ஒற்றுமையும் இருந்தது. எல்லோரும் ஒரே வேலையைப் பார்த்ததே பிழை. ஆகவே, என்ன இடர் வந்தாலும் ஒருவர் விமானத்தைச் செலுத்திக்கொண்டே இருக்க வேண்டும், அவர் யாரென்று மற்றவருக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்ற இரு கருத்துகளையும் உங்கள் சொந்த வசனத்தில், பந்தியிலுள்ள சான்றோடு எழுதுங்கள்.